ஏழு பேட்டரி தின்ற மொரிஸ் மைனர்

ஹட்டன் பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ராமநாதன் முதலாளி, பழைய கார்களுக்கு மின்சார வேலை பார்க்கும் மாயாண்டிக்குக் கொடுக்க வேண்டிய கடன் நாலாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். ஒரு மொரிஸ் மைனர் காரின் டைனமோவுக்குப் புதிதாகக் கம்பி சுற்றிப் பிரஷ் மாற்றிய கூலி. வேலை முடிந்தது 2011 தை மாதம். பதின்மூன்று வருஷமாகியும் அதில் ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை.

மாயாண்டி மறந்துவிடவில்லை. பஸ் நிலையத்துக்குக் கீழே, சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் தன் பட்டறையின் சுவரில் கரிக்கட்டியால் ‘ராமநாதன் 4250’ என்று எழுதி வைத்திருந்தார். தீபாவளிக்குத் தீபாவளி சுவருக்கு வெள்ளையடிப்பார். அந்த ஒரு முழ இடத்தை மட்டும் விட்டு அடிப்பார். சுற்றிலும் வெள்ளையாக, நடுவில் கறுத்துப்போய், சாமி படம் மாதிரி அந்தக் கணக்கு இருக்கும். பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் அதன் கதையைச் சொல்லுவார். கேட்டால் இரண்டு தரம் சொல்லுவார்.

கதையைத் தன் பிறப்பிலிருந்துதான் தொடங்குவார். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டது. தேயிலைத் தொழிற்சாலையின் என்ஜின் அறையில் எண்ணெய் துடைத்தது. அங்கிருந்து ஹட்டனுக்கு நடந்தே வந்து ஒரு கராஜில் பதினொரு வருஷம் கிடந்தது. யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லாம் பார்த்தே பிடித்துக்கொண்டது. பிறகு சொந்தப் பட்டறை, டவுனில் சொந்த வீடு, ஒரு மகள் ஆசிரியை. “படிச்சவன் புத்தகத்தைப் பாத்துத்தான் காரைத் திறப்பான். நான் காரையே புத்தகமா விரிச்சு வச்சுப் படிச்சவன்” என்பார். அறுபத்தெட்டு வயதிலும் அவர் மீசையில் நரை குறைவு. அதற்குக் காரணம் டைனமோ மின்சாரம் உடம்பில் ஓடுவதுதான் என்பதும் அவரே சொன்னது.

அவருக்கு இன்னொரு பெருமை இருந்தது. வயரோடு வயர் சேர்க்கும் இடத்தில் ஐந்து முறுக்கு முறுக்கி, துணி டேப் சுற்றி, அதன் மேல் மெழுகு தடவிய நூலால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முடிச்சுப் போடுவார். மலைநாட்டில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. “எந்தக் கார் வயித்துக்குள்ள கைய விட்டாலும் என் கட்டை நான் கண்ண மூடிக்கிட்டுத் தடவிச் சொல்லுவேன்” என்று பஸ்காரர்களிடம் சவால் விடுவார். இந்தச் சவால் ஒரு நாள் தன் மேலேயே வந்து விழும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

ராமநாதனின் மொரிஸ் மைனர் அவருடைய அப்பா வாங்கியது. 1958ஆம் வருஷத்து வண்டி, ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய்வரும். மற்ற ஆறு நாளும் கொட்டகையில் நிற்கும். 2011இல் டைனமோ புகைந்தபோது மாயாண்டி வந்து கழற்றி, சுற்றி, பூட்டி, சாவியைப் போட்டு ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். முகப்பிலிருந்த சின்னச் சிவப்பு விளக்கு எரிந்து, என்ஜின் வேகமெடுத்ததும் அணைந்தது. சிவப்பு அணைந்தால் டைனமோ வேலை செய்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு முதலாளியின் வீட்டுக்காரம்மா சீதாலெட்சுமி இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தார். அதோடு தனியாக ஒரு சில்லறை வேலையும் சொல்லி, முன்னூறு ரூபாய் கையில் வைத்தார். மாயாண்டிக்குப் பிளேன்டீயின் காரம் நினைவிருந்தது. சில்லறை வேலைகளை அவர் தலையில் ஏற்றிக்கொள்வதில்லை.

பத்தாம் நாள் பேட்டரி செத்துக் கிடந்தது. கூலி கேட்கப் போன மாயாண்டியை ராமநாதன் கடை நிறைய ஆட்களுக்கு முன்னால் நிறுத்தி வைத்தார்.

“ஒன் டைனமோ ஓட்டை. பேட்டரியில சார்ஜ் நிக்கல.”

“டைனமோ தங்கம் முதலாளி. கரண்டு வேற எங்கயோ போகுது. வண்டிக்குள்ள ஒரு திருடன் இருக்கான்.”

“என் வண்டிக்குள்ள திருடனா? அதுல ஏறுறது நானும் என் சம்சாரமும் புள்ளையும்தான். யாரச் சொல்ற?”

மாயாண்டி வாயைத் திறக்குமுன் ராமநாதன் கல்லா லாச்சியை அடித்து மூடினார். “பேட்டரி நிக்கிற அன்னைக்கு வா. ஒன் கூலிச் சல்லிய தாரேன்.”

அன்றிலிருந்து பேச்சில்லை. மாயாண்டி சீனி வாங்கக்கூட பஜாரின் அடுத்த முனைக்கு நடந்தார். அங்கே கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட. “அஞ்சு ரூபா கூடக் குடுத்து ரோசம் வாங்குறீங்களாக்கும்” என்று அவர் மனைவி நாகலெட்சுமி முணுமுணுப்பார். ராமநாதனின் வண்டியோ இரண்டு வருஷத்துக்கொரு பேட்டரி கேட்டது. கடைசியில் வீட்டுச் சரிவையே ஸ்டார்ட்டராக்கிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கடைப் பையன்கள் நாலு பேர் பின்னால் தள்ளுவார்கள். முதலாளி பட்டை விபூதியோடு உள்ளே உட்கார்ந்து கியரைப் போடுவார். வண்டி இரண்டு தரம் துள்ளி உயிர் பெறும். பஜாரே அதைப் பார்த்துத்தான் மணி எட்டரை என்று கடிகாரத்தைச் சரிசெய்தது. அதற்கென்றே எட்டரைக்குக் கீழ்ச் சந்தியில் வந்து நின்று பிளேன்டீ குடிக்கிற ஒருவரும் இருந்தார். அவர் மாயாண்டி.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கதையில் ராமநாதனின் மகள் கேஷிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு நுவரெலியாவில் பெரிய கடைக்காரர்கள். சீதாலெட்சுமி இந்த மொரிஸ் மைனரில்தான் மணப்பெண்ணாக வந்தவர். மகளும் அதில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்றார். கல்யாணக் கார் வாடகை எவ்வளவு என்று விசாரித்துப் பார்த்த ராமநாதனும் அதையே சொன்னார். ஆனால் சம்பந்திகள் பார்த்திருக்க, பட்டுச்சேலையோடு பெண் உட்கார்ந்திருக்க, நாலு பேர் பின்னால் தள்ளி வண்டி துள்ளினால் என்ன ஆகும் என்று நினைத்ததும் அவருக்கு வியர்த்தது.

வினோஜன் என்று ஒரு இளம் மெக்கானிக்கை வரவழைத்தார். அவன் கம்ப்யூட்டர் கருவியோடு வந்து, அதைச் செருகும் துளையை வண்டி முழுக்கத் தேடினான். அந்தத் துளை வந்தது வண்டி பிறந்து நாற்பது வருஷம் கழித்து. துளை கிடைக்காததால் புது பேட்டரி போட்டான். அது ஏழாவது. அன்றிலிருந்து சிவப்பு விளக்கு அணையவே மறுத்தது. வேகம் கூடக் கூட இன்னும் பளிச்சென்று எரிந்தது.

கேஷிகா யாரிடமும் சொல்லாமல் பட்டறைக்கு வந்தாள். சுவரிலிருந்த கணக்கைச் சத்தமாக வாசித்தாள்.

“அங்கிள், இத அழிக்கணுமா வேணாமா?”

“ஒங்கப்பா வந்து கேக்கட்டும்.”

“அப்பா வர மாட்டாரு. நீங்களும் போக மாட்டீங்க. ரெண்டு பேரும் ரோசத்தோட இருங்க, நான் தள்ளு வண்டியில கல்யாணத்துக்குப் போறேன்.” அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். “ஒரு பேச்சு பேசிக்குவோம். டைனமோ நல்லதுன்னு எல்லாரு முன்னுக்கும் காட்டுங்க. கல்யாணத்தன்னைக்குக் காலைல வண்டி தள்ளாம கிளம்பணும். கிளம்பினா நாலாயிரத்து இருநூத்தம்பதும் ஒங்க கையில. அப்பாவ நான் ஒத்துக்க வைக்கிறேன்.”

“டைனமோவுல பிழைன்னு வந்தா?” என்று அவளே கேட்டாள்.

மாயாண்டி எழுந்து, வாசலுக்கு மேலே தொங்கிய ‘மாயாண்டி டைனமோ வேலை’ என்ற தகரப் பலகையைக் காட்டினார். “அதைக் கழட்டி ஒங்கப்பா கையில குடுத்துட்டு, அவரு கடையில மூட்டை தூக்குறேன்.”

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. மாயாண்டி வெள்ளிக்கிழமை போனார். கொட்டகை வாசலில் ராமநாதன் பாதி முதுகைக் காட்டி நாற்காலியில் இருந்தார். தள்ளுகிற நாலு பேரும் தங்கள் தலைவிதியைத் தெரிந்துகொள்ள வரிசையாக நின்றார்கள். வினோஜனும் வந்திருந்தான்.

“கேஷிகா, அந்தாளுகிட்ட சொல்லு, பெயின்டைக் கீற வேணாம்னு” என்றார் ராமநாதன். அந்த ஆள் இரண்டு முழ தூரத்தில் நின்றார்.

“பாப்பா, முதலாளிகிட்ட சொல்லு, இந்தப் பெயின்டு கீறுறதுக்கு முந்தியே உரிஞ்சிருச்சுன்னு.”

பானட்டைத் திறந்ததும் மாயாண்டி சிரித்தார். பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் ‘பொடி’யோடு, அதாவது உடம்போடு, பூட்டியிருந்தது.

“தம்பி, இதைப் பூட்டுனது நீயா?”

“எல்லாக் காருலயும் அப்படித்தான ஐயா. மைனஸ்தான் பொடிக்கு.”

“இது வெள்ளக்காரன் அந்தக் காலத்துல செஞ்ச வண்டி. இதுல ப்ளஸ்தான் பொடிக்கு. நீ ஆளைத் தலைகீழா நிக்க வச்சுச் சோறு ஊட்டியிருக்க. அதான் அது செவப்பாக் கண்ண முழிச்சிருக்கு.”

தள்ளுகிறவர்களில் ஒருவன் சிரித்தான். மாயாண்டி பேட்டரியைத் திருப்பிப் பூட்டினார். கருகியிருந்த சின்னச் செப்பு முனைகளை மண்தாளால் தேய்த்தார். டைனமோவின் சின்ன முனையிலிருந்த வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு வயரைக் கொண்டுவந்து அதில் ஒரு கணம் தொட்டு எடுத்தார். சிட் என்று ஒரு பொறி. டைனமோவுக்குத் தன் திசை நினைவுக்கு வர அவ்வளவு போதும். பிறகு வண்டியைத் தள்ளாமலே கிளப்பினார். சிவப்பு அணைந்தது. டைனமோவின் இரண்டு முனைகளையும் கழற்றிச் சேர்த்துக் கட்டி ஒரு பல்ப்பைப் பிடித்தார். பல்ப் ஜம்மென்று எரிந்தது. பிறகு எல்லா வயரையும் இருந்தபடியே பூட்டி, என்ஜினை நிறுத்தினார்.

“பாத்துக்கங்க. டைனமோங்கிறது கொழுந்து எடுக்கிற ஆளு. பேட்டரி கூடை. நடுவுல கட்-அவுட்டுன்னு ஒரு காவக்காரன். என்ஜின் ஓடினா கேட்டைத் திறப்பான், நின்னா மூடுவான். மூடலைன்னா கூடையில உள்ள கொழுந்து திரும்பச் செடிக்கே போயிரும். இங்க ஆளும் நல்லாருக்கு, காவக்காரனும் முழிச்சிருக்கான்.”

அத்தோடு நிறுத்தியிருந்தால் நல்லது. மாயாண்டி எப்போது அத்தோடு நிறுத்தியிருக்கிறார்? பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவே தன் சோதனைப் பல்ப்பைச் சேர்த்தார். “இப்ப எல்லாம் ஆஃப். இது எரியக் கூடாது. பாருங்க.”

எரிந்தது. மங்கலாக, மின்மினிப் பூச்சி அளவுக்கு. ஆனால் எரிந்தது.

ராமநாதன் முதல்முறையாக முழு முகத்தையும் காட்டினார். “கேஷிகா, பட்டறை போர்டு தகரமா பலகையான்னு கேளு. அடுப்புக்கு ஆகுமா?”

மாயாண்டி டைனமோவிலிருந்து வரும் பெரிய வயரைக் கழற்றினார். பல்ப் எரிந்துகொண்டே இருந்தது. “பாருங்க, டைனமோவே இப்ப வண்டியில இல்லாத மாதிரி. அப்பவும் கரண்டு போகுது. பதிமூணு வருஷத்துக்கு முந்தி நான் சொன்னது இதுதான். திருடன் வேற.”

ஃபியூஸ் இரண்டையும் பிடுங்கினார். எரிந்தது. விளக்கு, ஹோர்ன், எல்லாம் கழன்றாயிற்று. எரிந்தது. வண்டிக்குள்ளே தொடாமல் மிச்சமிருந்தது முகப்பின் இடப்பக்கப் பெட்டி ஒன்றுதான். மூடி போட்ட அந்தச் சின்னப் பெட்டியில் சீதாலெட்சுமியின் பிள்ளையாரும் விபூதியும் கற்பூரமும் இருந்தன. வினோஜன் அதைக் காட்டினான்.

“அங்க பாத்தியா?” என்றார் மாயாண்டி.

“நான் காலைல முட்டை ரொட்டி சாப்பிட்டேன் ஐயா. சாமிப் பெட்டியத் தொட மாட்டேன்.” அவனுக்கு முன்னால் வந்த மெக்கானிக்குகளும் ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். பதின்மூன்று வருஷத்தில் ஒருவனும் அதைத் திறந்ததில்லை. மாயாண்டியும், “வெள்ளிக்கிழமை அதுமா வேணாம்” என்று பானட் பக்கமே குனிந்தார்.

ஸ்டார்ட்டர் சுவிச்சின் அடியில், பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரோடு மெல்லிய பச்சை வயர் ஒன்று சேர்ந்திருந்தது. மாயாண்டியின் விரல் அந்தக் கட்டைத் தடவியது. துணி டேப். மெழுகு நூல். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முடிச்சு.

கண்ணை மூட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இஞ்சி பிளேன்டீ நினைவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே அந்தச் சில்லறை வேலையும் வந்தது. ‘மாயாண்டிண்ணே, சாமிக்கு ஒரு சின்ன லைட்டு, ராவும் பகலும் அணையாம இருக்கணும். அவருக்குச் சொல்லாதீங்க, கரண்டு வீணுன்னு கத்துவாரு.’ அவரும் சாவியின் தயவில்லாமல் நேரே பேட்டரியிலிருந்து இழுத்துக் கொடுத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். சமையலறை வாசலில் தட்டோடு நின்ற சீதாலெட்சுமி, ஒரு மயிரிழை தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

மாயாண்டி கணக்குப் போட்டார். வயரைச் சத்தமில்லாமல் அறுத்துவிடலாம். பழைய வயர், எங்கேயோ உரசுகிறது என்று சொல்லிவிடலாம். பேட்டரி நிற்கும், காசு வரும், போர்டு தொங்கும், அம்மாவின் ரகசியமும் காப்பாற்றப்படும். கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தும்விட்டார்.

அந்த நேரத்தில் வினோஜன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “ஐயோ, இந்தக் கட்டைப் பாருங்க. எவனோ ஒண்ணும் தெரியாதவன் நூலு போட்டுக் கட்டி வச்சிருக்கான். தறுதலை வேலை.”

“எவனோவா?” மாயாண்டி பிளேயரைக் கீழே வைத்தார். “தறுதலை வேலையா? ஏன்டா, பதிமூணு வருஷம் மழையிலும் பனியிலும் ஒரு நாள் அசையாம நின்ன கட்டுடா இது. ஒன் கம்ப்யூட்டரு பதிமூணு நாள் நிக்குமா? இழுத்துப் பாரு. அவுருதா? இப்படிக் கட்ட இந்த மலநாட்டுல ஒரே ஆளுதான் இருக்கான். அது யாருன்னு நெனச்ச?”

மாயாண்டியின் மீசை மட்டும் இன்னும் நிமிர்ந்து நின்றது. மீதி முகம், என்ன சொன்னோம் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தது.

முதலில் கேஷிகாதான் சிரித்தாள். பிறகு தள்ளுகிற நாலு பேரும். ராமநாதன் எழுந்து வந்து, இடையில் மகளை வைக்காமல் நேராகக் கேட்டார். “அப்ப அந்தத் திருடன் நீதானா?”

சீதாலெட்சுமி தட்டை வைத்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தார். ஃபியூஸ் இல்லாத, விளக்கில்லாத வண்டிக்குள்ளே, சோதனைப் பல்ப்போடு கரண்டைப் பங்கு போட்டுக்கொண்டு, கை விரலளவுப் பிள்ளையார் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் இருந்தார்.

“நான்தான் போடச் சொன்னேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் பல்ப் மாத்துறதும் நான்தான். இத்தனூண்டு பல்ப் என்ன தின்னுரப் போகுதுன்னு இருந்தேன்.”

“ஏழு பேட்டரி தின்னிருக்கு” என்றார் ராமநாதன். விரல் மடக்கி ஒவ்வொன்றின் விலையையும் சொன்னார். எல்லாம் விலையேறிய எரிபொருள் வரிசைக் காலத்தில் வாங்கியதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. “இந்த ஆளு எனக்குத்தான் தரணும்.”

“என்னங்க பேசுறீங்க? ஏழும் பிள்ளையாருக்குப் போயிருக்கு. உபயம் செஞ்சதத் திருப்பிக் கேக்கப் போறீங்களா? அதுவும் கல்யாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முந்தி?”

ராமநாதன் பிள்ளையாரைப் பார்த்தார். பிள்ளையார் விட்டுக்கொடுப்பதாகத் தெரியவில்லை. முதலாளி போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாயாண்டி பச்சை வயரை அவிழ்த்து, சாவி போட்டால் மட்டும் கரண்டு வரும் முனைக்கு மாற்றினார். “நடுவுல அணைஞ்சா சாமி கோவிச்சுக்காதா அண்ணே?” என்று சீதாலெட்சுமி கேட்டார். “முதலாளி ராவைக்குக் கடை லைட்டை அணைக்கிறாரே, லட்சுமி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளாம்மா?” என்றார் அவர். அதிலும் இரண்டு முடிச்சுப் போட்டார். சோதனைப் பல்ப் அணைந்தது. ஃபியூஸ்களையும் வயர்களையும் திரும்பப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பேட்டரி இரண்டு இரவு யாரும் தின்னாமல் நின்றிருந்தது. வீட்டு வாசலில் மேளம். மொரிஸ் மைனரில் மல்லிகைச் சரம். கேஷிகா பட்டோடு பின்னால் ஏறினாள். சம்பந்தி வீட்டு வேன் கீழே காத்திருந்தது. தள்ளுகிற நாலு பேரும் புதுச்சட்டையில், தேவைப்பட்டால் என்று, கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள். ராமநாதன் சாவியைத் திருப்பிக் குமிழை இழுத்தார். வண்டி ஒரே மூச்சில் கிளம்பியது. சிவப்பு அணைந்தது. இடப்பக்கப் பெட்டியின் இடுக்கில் ஒரு சின்ன வெளிச்சக் கோடு தெரிந்தது.

ஆனால் வண்டி நகர முடியவில்லை. பானட்டுக்கு முன்னால் வெள்ளை வேட்டியில் மாயாண்டி வலது கையை நீட்டி, விரித்தபடி நின்றார்.

“நேரம் போகுதுய்யா.”

“எனக்குப் பதிமூணு வருஷம் போச்சு முதலாளி.”

ராமநாதன் இறங்கி வந்தார். பட்டு வேட்டி மடிப்பிலிருந்து காசை எடுத்தார். ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தது தெரிந்தது. மூன்று ஆயிரம், ஒரு ஐந்நூறு, நாலு நூறு, ஒரு ஐம்பது என்று அந்தக் கையில் வைத்தார். நிறுத்தினார்.

“இது மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தம்பது” என்றார் மாயாண்டி.

“லைட்டுக்கு என் சம்சாரம் தந்த முன்னூறு யார் காசு? என் லாச்சிக் காசு. கழிச்சிட்டேன்.”

மாயாண்டி கையை மடக்கவில்லை. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கீழே வேனிலிருந்து ஹோர்ன் அடித்தார்கள்.

“அப்பா, நான் வேணும்னா எறங்கி நடக்கட்டா?” என்றாள் கேஷிகா ஜன்னல் வழியாக.

ராமநாதன் மடிப்புக்குள் திரும்பக் கையை விட்டார். விரிந்திருந்த அந்தக் கையில் ஒரு நூறு வைத்தார். இன்னொரு நூறு. கடைசி நூறோடு இன்னொரு நோட்டு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, அதையும் வைத்தார்.